தளை

குழாய் என்றதும் எம்மவர் மனத்தில் எழுவது கிணற்றடியிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் பிளாஸ்ரிக் குழாய்தான். மானிப்பாயில், சுண்ணக்கல்லைக் குடைந்து வெட்டிய கிணற்றை நம்பி வாழும் வளவொன்றிலே பிறந்து வளர்ந்த எனக்கும் அதுவே குழாய். அந்தக் குழாய்க்குள் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இருக்கக்கூடும் என்றோ, அது வளையுமா வெடிக்குமா என்று கணித்துச் சொல்வதையே தொழிலாகக் கொண்டோர் உலகில் உளர் என்றோ நான் எண்ணிப் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் என் அண்ணா ஒன்பது ஆண்டுகளாகக் கட்டாரிலே செய்துவந்தது அந்தத் தொழிலைத்தான். "பைப் வேலை" என்று அம்மா அயலவர்க்குச் சொல்லுவார். பேராதனையில் தோழியர் கேட்டால் "பொறியியல் சம்பந்தமான வேலை" என்று சொல்லிவிட்டு நான் வேறு பேச்சுக்கு மாறிவிடுவேன். அந்த வேலையின் ஊதியத்திலேதான் நான் கலைப்பீடத்தில் தமிழ் படிக்கிறேன். ஆயினும் அது என்ன வேலை என்று ஒரு நாளேனும் நான் அவரைக் கேட்டதில்லை. ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவோம். "சாப்பிட்டியா? பரீட்சை எப்ப? காசு வந்ததா?" என்று அவர் கேட்பார். "ஓம் அண்ணா" என்று மூன்றுக்கும் ஒரே விடை சொல்லுவேன். இதனை உறவு என்றே நான் நம்பியிருந்தேன்.

கடந்த ஆவணி விடுமுறையில் நான் வீட்டுக்குச் சென்றபோது அண்ணாவும் வந்திருந்தார். ஆறு வார விடுமுறை என்றார். வீட்டின் பின்புறத்தில் அவருடைய பணத்தை நம்பி அப்பா இரண்டு அறைகளுக்கு அத்திவாரம் போட்டிருந்தார். அம்மா சாதகக் கட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்திருந்தார். எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் இரு இளைஞர்கள், படவரைதல் படித்தவர்கள், மாலை வேளைகளில் அண்ணாவிடம் வந்து தொழில் பழகத் தொடங்கினார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தடையாக இருந்தது. ஒரு நாள் அண்ணா ஒரு சீ.ஆர். கொப்பியை என் முன்னால் வைத்து, "நீ தமிழ் படிக்கிறனி. இதுகளைத் தமிழிலை எழுதித் தா பிள்ளை" என்றார். அவ்வாறுதான் எனக்கும் அந்தத் தொழிலுக்கும் முதன்முதலாக அறிமுகம் உண்டாயிற்று.

அண்ணா பயன்படுத்துவது 'சீசர்' என்னும் மென்பொருள். அமெரிக்காவில் 1984 இல் வெளிவந்து இன்று உலகெங்கும் எண்ணெய் ஆலைகளிலும் மின்நிலையங்களிலும் வழங்குவது. அதிலே குழாய் குழாயாகத் தோன்றினாலும் கணக்கைப் பொறுத்தவரை அது கோடுகளின் தொகுதியே. ஒவ்வொரு கோட்டுக்கும் தொடக்கப்புள்ளி ஒன்று, முடிவுப்புள்ளி ஒன்று. அப்புள்ளிகளுக்கு 10, 20, 30 எனப் பத்துப் பத்தாக எண்கள் இடப்படும். 10 இலிருந்து 20 வரை ஆறு மீற்றர் கிழக்கே. 20 இலிருந்து 30 வரை இரண்டு மீற்றர் மேலே. இவ்வாறு சொல்லிக்கொண்டே போனால் திரையில் குழாய் வளர்கிறது. பின்னர் வெப்பநிலை, அமுக்கம், பாரம் ஆகியவற்றைக் கொடுத்தால் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு நகரும், அங்கே குழாயின் உடல் எவ்வளவு வருந்தும் என்பதை மென்பொருள் கணித்துத் தருகிறது.

உடல் வருந்துவது என்பது என் சொல். அண்ணாவின் சொல் 'ஸ்ரெஸ்'. அதற்கு எமது பாடநூல்களில் 'தகைப்பு' என்று இருந்தது எனக்கு நினைவு வந்தது. தமிழகத்தார் 'தகைவு' என்பர். புள்ளிக்குக் 'கணு' என்று எழுதினேன். கரும்பிலும் மூங்கிலிலும் ஒரு துண்டு முடிந்து மறுதுண்டு தொடங்கும் இடமல்லவா கணு? இளைஞர்கள் அதனை உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

இவ்வாறு சொல் தேடுவது எங்கள் ஊருக்குப் புதிதன்று. 1842 இல் வெளிவந்த அகராதி மானிப்பாயின் பெயராலேயே 'மானிப்பாய் அகராதி' என வழங்குகிறது. 1848 இல் இங்கே வந்து மருத்துவமனையை நடத்திய வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, பெரிய உடற்கூற்று நூலொன்றை 'மனுஷ அங்காதிபாதம்' என்று 1872 இல் தமிழில் தந்தார். எலும்பும் மூட்டும் தமிழிற் பேசப்பட்ட ஊரிலே குழாயும் கணுவும் பேசப்படுவதில் என்ன வியப்பு என்று எண்ணிக்கொண்டேன். அந்த மருத்துவமனை மதிலைக் கடந்து சிறுவயதில் எத்தனையோ தடவை நடந்தும் இந்த எண்ணம் எனக்கு வந்ததில்லை.

கொப்பியில் நான் நீண்ட நேரம் நின்றுவிட்ட பக்கம் ஒன்று உண்டு. தனித்தனியாகச் செய்த பகுதிகளை ஒன்றோடொன்று இணைப்பது எப்படி என்பதே அதன் பொருள். பெரிய ஆலையொன்றின் குழாய்த் தொகுதியை ஒருவரே செய்து முடிப்பதில்லை. ஒரு பாதியை ஒருவரும் மறுபாதியை வேறொருவரும் செய்து, இறுதியில் ஒரே கோப்பில் சேர்ப்பர். சேர்த்தல் எளிது, இணைத்தல் எளிதன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அண்ணா திரையிலேயே காட்டினார்.

முதலில் இரண்டு பகுதிகளை ஒரே கோப்பில் இட்டார். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. "இது ஆரோடை சொந்தமெண்டு நீ சொல்லாட்டி, எல்லாம் உற்பத்தியிலைதான் போய் நிக்கும்" என்றார். ஆள்கூறுகளின் தொடக்கப்புள்ளியை நாங்கள் கணிதத்தில் 'உற்பத்தி' என்றுதானே படித்தோம்! தொடர்பு சொல்லப்படாத துண்டு தன் பிறப்பிடத்துக்கே திரும்பிப்போய் நிற்கிறது.

பின்னர், தற்செயலாக நேரும் பொய்யிணைப்பைக் காட்டினார். இரண்டு பேரும் தத்தம் பகுதிகளை 10 இலிருந்தே எண்ணியிருப்பார்கள். அப்படியே சேர்த்தால், ஆலையின் ஒரு மூலையிலுள்ள 100 ஆம் கணுவையும் மறுமூலையிலுள்ள 100 ஆம் கணுவையும் மென்பொருள் ஒன்றெனவே கொள்ளும். ஒரே பெயருடைய இருவரை ஒருவரென்று எண்ணுவதை ஒத்தது இது. ஆகவே ஒரு பகுதியின் எண்கள் யாவற்றோடும் ஆயிரத்தைக் கூட்டிவிடுவர். 10 என்பது 1010 ஆகும். 20 என்பது 1020 ஆகும். குழப்பம் தீரும். ஆனால் ஆயிரத்தைக் கூட்டியபின் உண்மையாகவே சந்திக்கவேண்டிய இடத்திலும் எண்கள் வேறுபட்டுவிடும். அங்கேதான் கை வைத்து இணைக்கவேண்டும்.

அடுத்து அவர் திறந்த படத்தில் பிழையே தெரியவில்லை. முப்பது மீற்றர் நீளமான நேர்க்குழாய் ஒன்று நீராவியைக் கொண்டு சென்று மறுபகுதியின் குழாயை அடைகிறது. முதற்பகுதியின் இறுதிக் கணு 240. மறுபகுதியின் முதற்கணு 1010. ஆள்கூறுகள் சரியாகக் கொடுக்கப்பட்டிருந்தமையால் இரண்டும் ஒரே இடத்தில், மயிரிழை இடைவெளியுமின்றி நின்றன.

"இஞ்சை பார் பிள்ளை. ரெண்டும் தொட்டுக்கொண்டுதான் நிக்குது. ஆனா ஒண்டுக்கு மற்றது ஆரெண்டே தெரியாது" என்றார் அண்ணா.

240 உம் 1010 உம் ஒன்றே என்று எவரும் மென்பொருளுக்குச் சொல்லவில்லை. கண்ணுக்கு ஒரே குழாய், கணக்குக்கு இரண்டு. இரண்டு பகுதிகளும் தத்தம் தாங்கிகளில் நின்றமையால் கணக்கும் தடையின்றி ஓடிவிட்டது. அது மட்டுமன்று. முடிவுகள் மிக நன்றாகவும் இருந்தன! தகைப்பு எங்குமே அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு மிகக் கீழே இருந்தது. ஏன் இராது? சூடேறி நீளும் குழாயின் முனை எதிலும் முட்டாமல் வெறுவெளியில் நீள்கிறது. தடுப்பார் இல்லை, ஆகவே வருத்தமும் இல்லை. இணையாத உறுப்புக்கு நோவு தெரிவதில்லை.

"அப்ப இந்தப் பிழையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று ஓர் இளைஞன் கேட்டான். "தகைப்பைப் பாத்து மயங்கக்கூடாது. ரெண்டு கணுவும் எவ்வளவு நகர்ந்ததெண்டு பார்" என்று அண்ணா வேறோர் அட்டவணையைத் திறந்தார். கணு 240 எழுபத்திரண்டு மில்லிமீற்றர் நகர்ந்திருந்தது. கணு 1010 மூன்று மில்லிமீற்றர்கூட நகரவில்லை. ஒரே இடத்தில் நிற்கும் இரண்டு. ஒன்று அசைந்தபோது மற்றது அசையவில்லை. இதற்குமேல் வேறு சான்று வேண்டியதில்லை.

"இதை ஆர் விட்ட பிழை?" என்று நான் விளையாட்டாகக் கேட்டேன். "ஒருத்தன்" என்றார். மடிக்கணினியை மூடிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்த மடிக்கணினி யாழ்ப்பாண நகரில் படவரைதல் நிலையம் நடத்தும் நண்பர் ஒருவரிடம் இரவலாகப் பெற்றது என்பதை முதல் நாளே அறிந்திருந்தேன். முன்னைய விடுமுறைகளில் அவர் தொழிலகத்தின் கணினியைத்தான் கொண்டுவருவார். ஆறு வாரம் என்று சொன்ன விடுமுறையின் ஏழாவது வாரமும் அப்போது முடியும் தறுவாயில் இருந்தது. அவர் பயணச்சீட்டைப் பற்றிப் பேசவேயில்லை. இவை யாவும் என் கண்முன்னே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. நான்தான் அவற்றை இணைக்கவில்லை.

மறுநாட் காலை கிணற்றடியில் கேட்டேன். மறைக்காமல் சொன்னார். வேறொருவர் செய்த பாதியைத் தம்முடைய பாதியோடு சேர்த்தவர் அவர்தாம். வேலையை முடித்துக் கொடுக்க இரண்டே நாட்கள் இருந்தன. முடிவுகள் நன்றாக இருந்தமையால் நகர்ச்சி அட்டவணையைத் திறந்து பார்க்காமலே கையெழுத்திட்டார். சரிபார்த்தவர் ஒருவர் பிழையைக் கண்டுபிடித்துவிட்டார். குழாய் பொருத்தப்படுமுன்பே கண்டமையால் எவருக்கும் எத்தீங்கும் நேரவில்லை. ஆனால் அடுத்த மாதம் முடிவடைய இருந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

"ஏன் வீட்டிலை சொல்லேல்லை?" என்றேன். "அப்பா அத்திவாரம் போட்டிட்டார்" என்றார்.

நான் உடனே உள்ளே சென்று அம்மாவிடமும் அப்பாவிடமும் யாவற்றையும் கூறிவிடுவோம் என்றே நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் இணைந்துவிடும் என்பது என் எண்ணம். அண்ணா தடுத்தார். அப்போது அது கோழைத்தனமாகவே எனக்குப் பட்டது. கொப்பியின் அடுத்த பக்கங்களை எழுதத் தொடங்கிய பின்னரே அவர் அஞ்சியது எதற்கு என்று விளங்கிற்று.

இணைக்கத் தவறுவது ஒரு பிழை. ஆராயாமல் இணைப்பது அதனினும் பெரிய பிழை. உருக்குக் குழாய் மீற்றர் ஒன்றுக்கு, வெப்பநிலை நூறு பாகை செல்சியஸ் உயர, ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் நீளும். அற்பம்போலத் தோன்றும் இந்நீட்சியை இரு முனைகளையும் இறுகப் பிடித்துத் தடுத்தால், குழாயினுள் எழும் தகைப்பு சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 240 நியூற்றனாகும். சாதாரண உருக்கு மீளமுடியாதவாறு உருமாறத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த எல்லையிலேதான். ஆகவேதான் நீண்ட நீராவிக் குழாய்களை நேரே கொண்டுசெல்லாமல் இடையிடையே பக்கவாட்டில் வளைத்து மீட்டு வருகிறார்கள். வீண் வளைவென்று நாம் நினைப்பது அந்தக் குழாய் மூச்சுவிடும் இடம்.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்றை அண்ணா சொன்னார். இங்கிலாந்தில் பிளிக்ஸ்பரோ என்னும் இடத்திலிருந்த இரசாயன ஆலையில் ஆறு தாக்கக் கலங்கள் படிப்படியாகத் தாழ்ந்து வரிசையாக நின்றன. 1974 பங்குனியில் ஐந்தாவது கலத்தில் வெடிப்புக் காணப்பட்டது. அதனை அகற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் தற்காலிகக் குழாயொன்றினால் இணைத்தார்கள். கலங்களின் உயரம் வேறுபட்டமையால் குழாய் நேராக அமையவில்லை, இருமுறை முடக்கப்பட்டிருந்தது. அதன் இரு முனைகளிலும் துருத்திபோன்ற நெகிழ்மூட்டுகள் இருந்தன. வேலைத்தலத்தின் தரையில் வெண்கட்டியால் வரைந்ததே அதன் வரைபடம். வளைந்த குழாயில் அமுக்கம் உண்டாக்கும் திருப்பத்தை எவரும் கணித்துப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் அது தாங்கிற்று. 1974 ஆனி 1 ஆம் நாள், சனிக்கிழமை, அக்குழாய் பிய்ந்தது. வெளியேறிய ஆவி தீப்பற்றி வெடித்ததில் 28 பேர் மாண்டனர். வார நாளாயிருந்தால் இன்னும் எத்தனையோ பேர் இறந்திருப்பர். அங்கே இணைப்பு இருக்கவே செய்தது. அந்த இணைப்பு எதைத் தாங்கவேண்டும் என்று கேட்பாரே இருக்கவில்லை.

இணைப்பு என்பது ஆம், இல்லை என்ற இரண்டே விடைகளைக் கொண்டதன்று என்பதையும் அந்தக் கொப்பியிலேதான் கற்றேன். ஒரு கணுவுக்கு ஆறு வகை அசைவுகள் உண்டு: மூன்று திசைகளில் நகர்தல், அம்மூன்றையும் அச்சாகக் கொண்டு சுழலுதல். இரு கணுக்களுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் ஆறும் இணைந்துவிடும். ஒன்றன் நோவெல்லாம் மற்றதன் நோவாகும். அவ்வாறன்றி, எண்களை வேறாகவே வைத்துக்கொண்டு, இன்ன திசையில் மட்டும் இவ்விரண்டும் சேர்ந்தசையும், ஏனையவற்றில் தம்மியல்பில் விடப்படும் என்றும் வகுக்கலாம். பெரிய குழாயின்மீது தாங்கப்பட்டுச் செல்லும் சிறு குழாய் கீழ்நோக்கி அதனோடு பிணைந்திருக்கும். நீளவாக்கில் வழுக்கிச் செல்லும்.

இந்தப் பிணைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'கட்டு' என்று எழுதினேன், வெட்டினேன். 'தடை' என்று எழுதினேன், அதுவும் பொருந்தவில்லை. கட்டு முழுவதையும் கட்டிவிடுகிறது. தடை தடுக்க மட்டுமே செய்கிறது. இறுதியில் நான் படிக்கும் யாப்பிலக்கணமே கைகொடுத்தது. எழுத்து, அசை, சீர் என்பவற்றின்பின் வருவது தளை. நின்ற சீரின் ஈற்றையும் வருஞ்சீரின் முதலையும் நோக்கி, இவ்விரண்டும் எவ்வாறு பொருந்துகின்றன என்று கூறுவது அது. சீர்கள் அருகருகே அச்சிடப்பட்டிருக்கலாம். தளை தட்டினால் அது வெண்பா ஆகாது. அதேவேளை தளை இரண்டு சீர்களையும் ஒரே சீராக்கிவிடுவதுமில்லை.

'தளை' என்று எழுதி அண்ணாவிடம் காட்டினேன். அவர் யாப்பிலக்கணம் அறியார். ஆயினும் முகம் மலர்ந்து, "தளைநாரோ?" என்றார். எங்கள் ஊரில் பனையேறுவோர் இரு பாதங்களையும் சேர்த்து மாட்டிக்கொள்ளும் வளையமே தளைநார். அது கால்கள் விலகிப்போகாமல் பிடிக்கிறது. மேலே ஏறுவதைத் தடுப்பதில்லை. அந்தப் பிணைப்பினாலேதான் ஏறவே முடிகிறது. நான் நூலிலிருந்து எடுத்த சொல்லை அவர் பனையடியிலிருந்து எடுத்தார். அந்த ஒரு சொல்லில், ஒன்பது ஆண்டுகளின்பின், என் கல்வியும் அவர் தொழிலும் சந்தித்தன.

வீட்டில் உண்மை ஒரே நாளில் உடைக்கப்படவில்லை. முதலில் அப்பாவிடம் மட்டும் அண்ணா சொன்னார். அறைகளுக்குச் சுவர் எழுப்பும் வேலை அத்திவாரத்தோடு நின்றது. அப்பா இரண்டு நாட்கள் எவரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அவராகவே மேசனாரிடம் சென்று, மழை முடியட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். அதன்பின் இருவருமாக அம்மாவிடம் கூறினார்கள். அம்மா அழுதார். பிறகு சாதகக் கட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு, "வந்து சாப்பிடுங்கோ" என்றார். விடுதிச் செலவுக்கென இரு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதாக நான் கூறியபோது அண்ணா முதன்முறையாகக் கோபித்தார். "என்னாலை முடியும்" என்றார். "ரெண்டு கணுவும் நகரவேணும் அண்ணா" என்றேன். அதற்கு அவர் விடை சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை.

துன்பம் தீர்ந்துவிட்டது என்று எழுத எனக்கும் விருப்பந்தான். அவ்வாறு எழுதுவதற்கில்லை. அண்ணா இன்னும் வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார். அந்த இரு இளைஞர்களுடன் இப்போது மேலும் மூவர் மாலையில் வருகிறார்கள். அத்திவாரத்தின்மேல் புல் முளைத்திருப்பதாக அம்மா கூறுகிறார். வீட்டுக்குள் முன்பில்லாத வாக்குவாதங்களும் எழுகின்றன. முன்பு எங்கள் வீட்டுக் கணக்கில் தகைப்பே இருக்கவில்லை. அது எங்கள் ஒற்றுமையின் அடையாளம் என்று நான் பெருமைப்பட்டிருந்தேன். ஒன்பது ஆண்டுகளாக ஒரு முனை பாலைவனத்தின் வெயிலில் நீண்டுகொண்டே போயிருக்கிறது. மறுமுனைக்கு அது தெரியாமலே இருந்திருக்கிறது.

எம்மோடு இங்கே கற்கும் பலருக்கும் கடல் கடந்து உழைக்கும் ஓர் அண்ணனோ அக்காவோ மாமனோ இருக்கக்கூடும். கிழமைதோறும் பேசுகிறோம், திரையில் முகமும் பார்க்கிறோம். எல்லாம் நலம் என்ற விடை வந்துகொண்டேயிருக்கிறது. அந்த விடையை ஐயுறுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவர்கள் செய்யும் தொழில் என்ன, அதிலே கடினமானது எது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள் என்றே சொல்லவந்தேன். நான் அதைக் கேட்பதற்கு ஒரு சீ.ஆர். கொப்பி தேவைப்பட்டது.

பேராதனைக்குத் திரும்பிய பின்னரும் ஞாயிறுதோறும் பேசுகிறோம். கொப்பியில் தமிழ் காணாத சொற்கள் இன்னும் பதினேழு இருக்கின்றன. சென்ற வாரம் சாப்பாட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. "அந்தத் துருத்தி மூட்டுக்கு நல்ல சொல்லு கிடைச்சுதோ?" என்றுதான் கேட்டார்.